தண்ணி கட்டத் தெரிந்த கை

காலையில் காபி குடித்து டம்ளரைக் கழுவிக் கவிழ்த்ததும் நான் போய் உட்காருகிற இடம் திண்ணையை ஒட்டிய மேஜை. அதன் மேல் உள்ளங்கை அகலத்தில் ஒரு கருங்கல், நடுவில் சின்னப் பள்ளம். உத்தரணியால் இரண்டு சொட்டுத் தண்ணீர் விட்டு, மைக்கட்டியை நிமிர்த்திப் பிடித்து, ஒரே திசையில் வட்டமாக இழைக்க வேண்டும். சந்தனம் இழைப்பது போலத்தான். ஆனால் இன்னும் மெதுவாக, கையின் கனமே கல்லுக்குத் தெரியாமல். முதலில் கரகரவென்று உரசுகிற சத்தம் கேட்கும். ஐந்து நிமிஷத்தில் அது அடங்கிவிடும். அப்புறம் குனிந்து பார்த்தால், கட்டி போன தடம் அதன் பின்னால் ஒரு கணம் அப்படியே நின்றுவிட்டு மூடிக்கொள்வது தெரியும். தடம் நின்று மூடினால் மை பதமாகிவிட்டது. சட்டென்று மூடினால் இன்னும் இழைக்க வேண்டும்.

பாட்டில் மையும் கிடைக்கிறது. என் சீனத் தூரிகை ஓவிய வகுப்புக்கு வருகிற பிள்ளைகளுக்கு அதைத்தான் கொடுக்கிறேன். எனக்கு இழைத்தால்தான் சரிப்படும். அந்தக் கால் மணி நேரத்தில் என் கை தூக்கத்திலிருந்து முழுசாக எழுந்துகொள்கிறது. எதிர் வீட்டு வாசலில் கோலம் போட்டு முடித்திருப்பார்கள். ஆற்றுப் பக்கமிருந்து ஈரக்காற்று வரும். மையிலிருந்து பச்சைக் கற்பூரம் மாதிரி ஒரு வாசனை கிளம்பும். பைன் மரத்தையோ எண்ணெய் விளக்கையோ எரித்துப் பிடித்த புகைக்கரியை, தச்சர்கள் காய்ச்சுகிற வஜ்ஜிரம் மாதிரியான பசையில் பிசைந்து, அச்சில் அழுத்திக் காயவைத்ததுதான் இந்தக் கட்டி. பசை வாடை தெரியாமலிருக்க வாசனைப் பொருள் சேர்ப்பார்கள். அம்மா விளக்கெண்ணெய் விளக்கின் மேல் தட்டைக் கவிழ்த்துக் கண்மை பிடித்தது எனக்கு நினைவிருக்கிறது. அதே கரிதான். அம்மா என் கண்ணில் தீட்டினாள், சீன ஓவியர்கள் காகிதத்தில் தீட்டுகிறார்கள்.

திருவையாற்றில் என் தாத்தா வீடு இது. ஓட்டு வீடு, நீளத் திண்ணை, கூடத்துக்கு நடுவில் முற்றம். தெருக்கோடியில் காவிரி. என் கணவருக்குக் கப்பல் பட்டறையில் வேலை என்பதால் பத்தொன்பது வருஷம் சிங்கப்பூரில் இருந்தோம். தோ பாயோவில் எங்கள் புளோக்குக்குப் பக்கத்தில் இருந்த சமூக மன்றத்தில்தான் சீனத் தூரிகை ஓவியம் கற்றுக்கொண்டேன். எழுபது வயதைத் தாண்டிய ஒரு பெரியவர் சொல்லிக்கொடுத்தார். எல்லோரும் அவரை லாவ்ஷி என்போம். ஆசிரியர் என்று அர்த்தம். முதல் மூன்று மாதம் மூங்கில் தண்டு மட்டும்தான். இலை கூடக் கிடையாது. வகுப்பில் நான் ஒருத்திதான் தமிழ். மாண்டரினில் மற்றவர்களுக்கு விளக்கிவிட்டு, என்னிடம் வரும்போது பேசவே மாட்டார். என் மணிக்கட்டின் கீழே இரண்டு விரலைக் கொடுத்து மேஜையை விட்டு மேலே தூக்கிவிட்டுப் போவார். அந்த இரண்டு விரல் இன்னும் என் மணிக்கட்டுக்குக் கீழே இருக்கிறது.

ஊர் திரும்பிய பிறகு இரண்டு பிள்ளைகளோடு வகுப்பு ஆரம்பித்தேன். இப்போது பதினோரு பேர். சனி, ஞாயிறு காலை பெரியவர்களுக்கும் பிள்ளைகளுக்கும் சேர்த்து, புதன் மாலை பெண்களுக்கு. பஸ் ஸ்டாண்டில் ஆட்டோக்காரரிடம் சீனா டீச்சர் வீடு என்று சொன்னால் கொண்டுவந்து விட்டுவிடுவார். எனக்கு அந்தப் பெயர் ரொம்பப் பிடிக்கும்.

இன்றைக்கு எழுத உட்கார்ந்தது போன வருஷம் வகுப்பில் சேர்ந்த ஒருவரைப் பற்றி. வயது அறுபத்தேழு. குடமுருட்டிக்கு அந்தப் பக்கம் ஒரு கிராமத்தில் விவசாயம். பேத்தியை டிவிஎஸ் வண்டியில் கூட்டிவந்து விட்டுவிட்டு, வகுப்பு முடியும்வரை திண்ணையில் தூணில் சாய்ந்து உட்கார்ந்திருப்பார். பேப்பர் படிக்க மாட்டார், போனை எடுக்க மாட்டார். உள்ளே நடப்பதைப் பார்த்துக்கொண்டே இருப்பார். மூன்றாவது மாதம் ஒரு சனிக்கிழமை எழுந்து வாசற்படியில் நின்றுகொண்டு, “டீச்சரம்மா, எனக்கும் ஒரு தாளு குடுங்களேன்” என்றார்.

முதல் பாடம் எல்லோருக்கும் ஒன்றுதான். தூரிகையில் தண்ணீரையும் மையையும் ஏற்றி, காகிதத்தில் வைத்து, ஓர் இலை அளவுக்கு இழுத்து எடுக்க வேண்டும். கேட்க இவ்வளவுதான். ஆனால் இந்தக் காகிதம் தண்ணீரை உறிஞ்சுகிற காகிதம். நாம் கையை எடுத்த பிறகும் மை நடந்துகொண்டே இருக்கும். இலை வரைந்துவிட்டோம் என்று நினைத்து நிமிர்ந்தால், கண்ணெதிரே அது தவளையாக ஊதிப்போகும். பிள்ளைகள் அழுதுவிடுவார்கள். பெரியவர்கள் தூரிகையைப் பிழிந்து பிழிந்து, கடைசியில் ஈரமே இல்லாமல் சொரசொரவென்று இழுப்பார்கள். என்ன தண்ணீர் எடுப்பது, எங்கே நிறுத்துவது என்ற இரண்டும் பிடிபட எனக்கே இரண்டு வருஷம் ஆனது.

அவர் தூரிகையை வாங்கினார். விரல் எல்லாம் காய்ப்புக் காய்த்து, நகக்கண்ணில் வண்டல் ஏறிய கை. தண்ணீரில் முக்கினார், கிண்ண விளிம்பில் ஒரு தடவை வழித்தார், நுனியில் மை தொட்டார். காகிதத்தில் வைத்து இழுத்தவர், நான் எதிர்பார்த்ததற்கு ஒரு விரல் முன்னாலேயே எடுத்துவிட்டார். மை மெல்ல நடந்து, எங்கே முடிய வேண்டுமோ அங்கே போய் நின்றது. கூர் நுனியோடு ஓர் இலை.

எப்படித் தெரிந்தது என்று கேட்டேன்.

“மட அடைக்கிறது வயலு நெறஞ்சப்பறம் இல்லீங்க. முக்கா வயலு நெறையயிலயே அடச்சிரணும். உள்ள நொழஞ்ச தண்ணி மிச்சத்தப் பாத்துக்கும். நெறஞ்சப்பறம் அடச்சா வரப்பு ஒடஞ்சிரும்.”

நான் பேச்சே இல்லாமல் நின்றேன். லாவ்ஷி இரண்டு வருஷம் என் மணிக்கட்டைத் தூக்கித் தூக்கிச் சொல்லிக்கொடுத்தது அதுதான். ஐம்பது வருஷம் தண்ணி கட்டின கைக்கு அது முன்பே தெரிந்திருக்கிறது. என் ஊரில் எத்தனை பேர் கையில் இந்த ஞானம் இருக்கும் என்று அன்றைக்குத்தான் முதல் முறையாக யோசித்தேன். மேட்டூரில் ஜூன் 12-ம் தேதி தண்ணீர் திறப்பார்களா மாட்டார்களா என்று ஊரே காதைத் தீட்டிக்கொண்டு காத்திருக்கும். கல்லணைக்கு வந்துவிட்டதா, வாய்க்காலில் ஏறிவிட்டதா, கடைமடைக்குப் போகுமா என்பதுதான் டீக்கடைப் பேச்சு. இப்படித் தண்ணீரையே நினைத்துக்கொண்டிருக்கிற மனிதர்களுக்கு, தண்ணீரை வைத்து வரைகிற ஓவியம் எப்படி அந்நியமாகும்?

இன்னொரு நாள் அவரிடம் காகிதத்தைப் பற்றிச் சொன்னேன். சீனாவில் அன்ஹுய் மாகாணத்தில் ஜிங் என்று ஒரு மாவட்டம். அங்கே செய்கிற சுவான் காகிதம்தான் இந்த ஓவியத்துக்கு உயர்ந்தது. அந்தக் கைவினையை 2009-ல் யுனெஸ்கோ தன் பண்பாட்டு மரபுப் பட்டியலில் சேர்த்தது. இரண்டே பொருள்தான் மூலம்: அந்தப் பக்கம் வளர்கிற ஒரு மரத்தின் பட்டை, அப்புறம் வைக்கோல். நெல் வைக்கோலேதான். வேகவைத்து, மலைச்சரிவில் மாதக்கணக்கில் வெயிலிலும் மழையிலும் போட்டு வெளுக்கவிட்டு, இடித்துக் கூழாக்கி, மூங்கில் தட்டியில் வாரி எடுப்பார்கள். சொல்லி முடித்ததும் அவர் தாளை எடுத்து மூக்கருகே கொண்டுபோனார். வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தார்.

“எந்த நெல்லு வைக்கலுங்க?”

மணல் பாங்கான வயலில் விளைகிற, தாள் நீளமான நெல் என்றேன்.

“அதானே. நம்ம மாப்பிள்ளச் சம்பா மாதிரி ஆளு ஒசரத்துக்கு நிக்கிறதா இருக்கும். ஆடுதுறை 36-லாம் குட்டப் பயிரு. அதுவும் மிஷினு அறுத்துத் தள்ளுற வைக்கலு நொறுங்கிப் போயிருதுங்க. மாடே மோந்து பாத்துட்டுப் போவுது. அதுல எங்க காயிதம் செய்யறது?”

அன்றைக்கு அவர் அந்தத் தாளில் வரையவே இல்லை. மடித்துச் சட்டைப் பைக்குள் வைத்துக்கொண்டு போனார், வீட்டில் அம்மாவிடம் காட்ட வேண்டுமாம். தொண்ணூறு வயது அம்மாவுக்கு.

காகிதத்தைப் பற்றி ஆரம்பித்தால் எனக்கு நிறுத்த முடியாது, பொறுத்துக்கொள்ளுங்கள். சுவான் காகிதத்தில் பச்சை, வெந்தது என்று இரண்டு வகை. சீனத்திலும் பச்சை, வெந்தது என்று சமையல் பேச்சாகத்தான் சொல்வார்கள். பச்சைக் காகிதம் தண்ணீரை உறிஞ்சும், மை பரவும். நாலே இழுப்பில் உணர்வைச் சொல்லிவிடுகிற வகை ஓவியத்துக்கு அதுதான் வேண்டும். வெந்த காகிதத்தில் மை பரவாது. மயிரிழைக் கோடு போட்டு, அடுக்கடுக்காக நிறம் ஏற்றுகிற நுணுக்க ஓவியத்துக்கு அது. பச்சையை வெந்ததாக்குவது எப்படி என்றால், வஜ்ஜிரத்தையும் படிகாரத்தையும் வெதுவெதுப்பான தண்ணீரில் கரைத்து அகலத் தூரிகையால் பூசிக் காயவைப்பதுதான். படிகாரத்துக்கு நம் ஊரில் இன்னொரு பெயர் சீனாக்காரம். நாட்டு மருந்துக்கடையில் நான் போய் சீனாக்காரம் கேட்டபோது, எதுக்கும்மா என்றார் கடைக்காரர். சீனக் காகிதத்துக்கு என்றேன். அந்தப் பெயர் எந்தக் கப்பலில் வந்து எங்கள் ஊர் அலமாரியில் உட்கார்ந்ததோ! சமையலறையில் சீனச்சட்டி, தீபாவளிக்குச் சீனவெடி, கல்யாணத்துக்குச் சீனப்பட்டு.

பிள்ளைகள் ஒருநாள், சீனாக்காரர்கள் நம் ஊர்ப் பக்கம் வந்திருக்கிறார்களா மிஸ் என்று கேட்டார்கள். ராஜராஜன் அனுப்பிய தூதர்கள் 1015-ல் சீனத்தின் சோங் அரசவைக்குப் போய்ச் சேர்ந்ததைச் சொன்னேன். நாகப்பட்டினத்தில் சீனக் கோபுரம் என்று பெயர் பெற்ற ஒரு பழைய செங்கல் கோபுரம் 1867-ல் இடிக்கப்படும்வரை நின்றதையும் சொன்னேன். இடித்துவிட்டார்கள் என்றதும் அத்தனை பிள்ளைகளும் ஒரே குரலில் ஐயோ என்றார்கள். அந்த ஐயோவை நான் மறக்க மாட்டேன்.

புதன் வகுப்பைப் பற்றியும் சொல்ல வேண்டும். எதிர் வீட்டு அத்தைக்கு எழுபத்திரண்டு வயது. முழங்கால் வலியால் குனிந்து கோலம் போட முடியவில்லை, மருமகள் போடுகிறாள். கை சும்மா இருக்க மாட்டேங்குதும்மா என்று வந்து சேர்ந்தார். அத்தைக்கு மணிக்கட்டைத் தூக்கச் சொல்லித்தர வேண்டியதே இல்லை. கோலம் போடுகிறவர் கையைத் தரையில் ஊன்றிக்கொண்டா போடுகிறார்? தோளிலிருந்து கை முழுசும் வருகிறது. மூங்கில் தண்டை முதல் நாளே நிமிர்த்திப் போட்டார். தண்டைக் கீழிருந்து மேலேதான் வரைய வேண்டும், வளர்கிற திசையில். தூரிகையைச் சாய்த்து அழுத்தி, மேலே தள்ளி, ஒரு நொடி நின்று, எடுத்து, நூலிழை இடம் விட்டு அடுத்த கணு. அந்த நொடி நிற்கிறதே, அதில்தான் கணு திரளும். அத்தை ஒவ்வொரு கணுவிலும் மூச்சைப் பிடித்துக்கொண்டு நிற்பார்.

அவருக்குச் சிக்கல் இலையில் வந்தது. இடப்பக்கம் மூன்று இலை போட்டால் வலப்பக்கமும் மூன்று போட்டாக வேண்டும். “இந்தப் பக்கம் மொட்டையா நிக்குதேம்மா” என்று மனசு கேட்காமல் போட்டுவிடுவார். அறுபது வருஷம் புள்ளி வைத்துச் சமமாக நிரப்பின கை. காற்று ஒரு பக்கமிருந்து அடிக்கிறது அத்தை, இலை எல்லாம் அந்தப் பக்கம்தானே சாயும் என்று ஆற்றங்கரை மூங்கில் கொல்லைக்கே கூட்டிக்கொண்டு போய்க் காட்டினேன். பார்த்தார். “பந்தக்காலுக்கும் இத வெட்டியிருக்கோம், பாடைக்கும் இத வெட்டியிருக்கோம். இப்படி நின்னு பாத்ததே இல்லையேம்மா” என்றார். வீட்டுக்கு வந்து ஒரு பக்கம் அட்டையை வைத்து மறைத்துக்கொண்டு, மறு பக்கம் மட்டும் இலை போட்டார். இப்போது அட்டை இல்லாமலே வருகிறது.

பதினெட்டாம் நூற்றாண்டில் ஜெங் பான்சியாவ் என்று ஓர் ஓவியர் இருந்தார். வாழ்நாளில் பெரும்பகுதி மூங்கில் வரைந்தவர். கண்ணால் பார்க்கிற மூங்கில் வேறு, நெஞ்சுக்குள் நிற்கிற மூங்கில் வேறு, கை வரைகிற மூங்கில் வேறு என்று எழுதிவைத்தார். அத்தை பாடையும் பந்தக்காலும் என்று சொன்ன நிமிஷத்தில் எனக்கு அவர் ஞாபகம்தான் வந்தது. அத்தையின் நெஞ்சுக்குள் எத்தனை மூங்கில் இருக்கும்!

மையின் ஐந்து நிறங்களுக்கு என் வகுப்பில் வைத்திருக்கிற பெயர்கள் அந்தப் பெரியவரின் பேத்தி வைத்தது. கருப்பு மை ஒன்றிலேயே ஐந்து நிறம் உண்டு என்பது சீன ஓவியர்களின் பழைய சொல். தண்ணீரைக் கூட்டிக் குறைத்து வெள்ளைத் தட்டில் ஐந்து திட்டு வைத்துக் காட்டி, இதற்கெல்லாம் பெயர் சொல்லுங்கள் என்றேன். எட்டு வயசுப் பெண் ஒவ்வொன்றாக விரல் வைத்துச் சொன்னாள்: காக்கா, எருமை, யானை, சாம்பல், அரிசி களைஞ்ச தண்ணி. அப்படியே எழுதிச் சுவரில் ஒட்டிவிட்டேன். இன்னும் கொஞ்சம் எருமை எடுத்துக்கோ என்று ஒருத்தருக்கொருத்தர் சொல்லிக்கொள்வதைக் கேட்டுக்கொண்டே நான் உள்ளே காபி கலப்பேன். இதைவிட எனக்கு என்ன வேண்டும்?

கஷ்டங்களும் இருக்கின்றன. காகிதம் சிங்கப்பூரிலிருந்துதான் வர வேண்டும். நாத்தனார் மகன் வரும்போதெல்லாம் பிராஸ் பாசா கட்டடத்தில் வாங்கிச் சுருட்டிக்கொண்டு வருவான். ஐப்பசி, கார்த்திகை அடைமழையில் காகிதம் நமுத்துப்போகும், ராமபாணப் பூச்சி அரிக்கும். தகரப் பெட்டியில் வசம்பு போட்டு வைத்திருக்கிறேன். ஒரு வருஷம் ஓடு விலகி ஒழுகியதில் நாற்பது தாள் ஒட்டிக் கட்டியாகிவிட்டது. ஆகவே முதல் ஆறு மாதம் எல்லோருக்கும் பழைய செய்தித்தாள்தான், அதற்குப் பிறகே நல்ல காகிதம்.

அதைவிட மனசு வலித்தது ஒன்று உண்டு. ஒரு பள்ளிக்கூடத்தில் ஓவியக் கண்காட்சிக்குப் பிள்ளைகளின் படங்களைக் கேட்டார்கள். ஆசையாகக் கொண்டுபோய்க் கொடுத்தேன். இரண்டு நாள் கழித்துத் திருப்பித் தந்தார்கள். முடிக்காத படம் மாதிரி இருக்கிறது, பின்னணிக்கு நீலமோ பச்சையோ அடித்துக் கொண்டுவாருங்கள் என்றார்கள். அந்த வெள்ளை விட்ட இடம்தான் வானம், அதுதான் ஆறு, அதுதான் பனி என்று சொல்லிப் பார்த்தேன். காது கொடுக்கவில்லை. வீட்டுக்கு எடுத்துவந்து எங்கள் கூடத்துச் சுவரிலேயே வரிசையாக மாட்டினேன். தஞ்சாவூர் ஓவியத்தைப் பார்த்து வளர்ந்த கண்கள் நம்முடையவை. பலகையில் துணி ஒட்டி, சுண்ணப்பொடி குழைத்து மேடு கட்டி, கல் பதித்து, தங்க ரேக் ஒட்டி, ஓர் அங்குலம் விடாமல் நிறைத்துவிடுகிற அழகு அது. பூஜை அறையில் அகல் வெளிச்சத்தில் அந்தத் தங்கம் மினுங்கும்போது எனக்கும் உடம்பு சிலிர்க்கும். அதற்கு நிறைவு வேண்டும், இதற்கு இடம் வேண்டும். இரண்டையும் ஒரே கண்ணால் பார்க்கலாம் என்றுதான் பிள்ளைகளிடம் சொல்கிறேன்.

வெள்ளை விடுவதைப் பேச்சால் புரியவைக்க முடியாது. அதற்குத்தான் சீ பைஷி இருக்கிறார். 1864-ல் ஹூனான் மாகாணத்தில் ஏழைக் குடியானவர் வீட்டில் பிறந்தவர். சின்ன வயசில் தச்சு வேலை செய்தார். கடைசியில் சீனா முழுக்க அறிந்த ஓவியரானார். அவர் வரைந்த இறால்களைப் பார்த்திருக்கிறீர்களா? வீட்டில் கிண்ணத்தில் உயிரோடு இறால் வளர்த்து, மேஜையில் வைத்துப் பார்த்துப் பார்த்து வரைந்தார். வயசாக ஆகக் காலின் எண்ணிக்கையைக்கூடக் குறைத்துக்கொண்டே வந்தார். சாம்பலிலும் யானையிலும் நாலைந்து அழுத்தல், தலையில் ஒரு காக்காக் கோடு, மீசை. தண்ணீர் என்று ஒரு கோடு கிடையாது. ஆனால் பார்க்கிறவனுக்கு அது தண்ணீருக்குள்தான் நீந்துகிறது. அடுத்த வாரமே ஒரு பையன் வாய்க்காலில் பிடித்த இறாலை ஜூஸ் பாட்டிலில் போட்டு எடுத்துவந்துவிட்டான். அந்த ஞாயிறு முழுக்க மேஜை நடுவில் பாட்டில், சுற்றிலும் ஏழு தலை. உடம்பு கண்ணாடி மாதிரி, உள்ளே ஓடுகிறது தெரிகிறது, மிஸ் இது பின்னாடி போகுது என்று ஒரே கூச்சல். மத்தியானம் பையனே கொண்டுபோய் வாய்க்காலில் விட்டுவிட்டு வந்தான்.

கோடையில் ஆறு வறண்டு மணலாகக் கிடக்கும்போது விடிகாலையில் வகுப்பைப் படித்துறைக்குக் கொண்டுபோய்விடுவேன். சீன நகரங்களின் பூங்காக்களில் வயசானவர்கள் தடித்த தூரிகையைத் தண்ணீரில் நனைத்துத் தரைக்கல்லில் எழுதுவார்கள். எழுதி முடிப்பதற்குள் முதல் எழுத்து காய்ந்துவிடும். நாங்களும் வாளித் தண்ணீரும் வெள்ளையடிக்கிற மட்டையுமாகக் கருங்கல் படிகளில் மூங்கில் வரைவோம். மை செலவில்லை, காகிதம் செலவில்லை, தப்பாகிவிடுமோ என்ற பயமும் இல்லை. வெயில் ஏறினால் எல்லாம் போய்விடும். குளிக்க வருகிறவர்கள் மிதிக்காமல் ஓரமாக இறங்கிப் போவார்கள். யாரும் அப்படிச் செய்யச் சொல்லவில்லை.

ஆறு மாதம் முடித்தவர்களுக்கு ஒரு முத்திரை செய்து தருகிறேன். சீன ஓவியத்தில் வரைந்தவர் பெயரைச் சிவப்பு முத்திரையாகப் பதிப்பது வழக்கம். மென்மையான கல்லில் வெட்டுவார்கள். எங்கள் வீட்டில் பாட்டியின் கல்சட்டி ஒன்று விளிம்பு உடைந்து கிடந்தது. அதன் மாக்கல்லை ரம்பத்தால் அறுத்து, உப்புத்தாளில் தேய்த்து, அவரவர் பெயரின் முதல் எழுத்தைத் தமிழில் திருப்பி வெட்டினேன். பாட்டி வத்தக்குழம்பு வைத்த சட்டி. உண்மையான முத்திரைச் சாந்து சாதிலிங்கத்தை எண்ணெயில் குழைத்துச் செய்வது. அதில் பாதரசம் இருப்பதால் பிள்ளைகள் கையில் கொடுக்க மாட்டேன், சாதாரணச் சிவப்பு மைப்பெட்டிதான்.

பெரியவருக்கு முத்திரை கொடுக்க வேண்டிய சனிக்கிழமை போன ஆவணியில் வந்தது. அன்றைக்கு என்ன வரைவது என்று நான் சொல்லவில்லை. முதல் நல்ல தாளை எடுத்து விரித்தார், நாலு மூலையிலும் கூழாங்கல் வைத்தார். ரொம்ப நேரம் தாளைப் பார்த்துக்கொண்டே இருந்தார். பிறகு சாம்பலில் ஒரு மடையானின் முதுகு. எருமையில் இறக்கை மடிப்பு. கழுத்தை உள்ளே இழுத்துக்கொண்டு, ஒரு பக்கமாகக் குனிந்து பார்க்கிற தலை, காக்காவில் அலகு. ஒற்றைக் கால் முழுசாக. இன்னொரு காலைப் பாதியில் நிறுத்திவிட்டுத் தூரிகையை எடுத்துவிட்டார். பக்கத்தில் ஆர்க்கிட் இலைக்கு நான் சொல்லிக்கொடுத்த இழுப்பு, ஆனால் அது மெலிந்து நிமிர்ந்து நாற்றாகியிருந்தது. அப்படி ஐந்தாறு. மிச்சம் எல்லாம் வெறும் தாள்.

பேத்தி தன் இடத்திலிருந்து எழுந்து வந்து மேஜையில் முழங்கையை ஊன்றிக்கொண்டு பார்த்தாள்.

“தாத்தா, இது எவ்ளோ ஆழத்துல நிக்குது?”

அவர் தூரிகையைக் கிண்ணத்தில் அலசிக்கொண்டே, தலையைத் தூக்காமல் சொன்னார்.

“ரெண்டு வெரக்கட தண்ணி. நட்டு பத்து நாளு ஆன வயலு.”